தோட்டத் தொழிலாளரும் வைத்திய அறிக்கையும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுடைய ஒன்றாக வகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அம்மருந்தை அருகிருந்து கொடுப்பவன் என்பனவே அந்நான்கு. நோயுற்றவனுக்கு வேலை கொடுப்பவன் என ஐந்தாவது ஒருவனை அவர் எண்ணவில்லை. எண்ணவேண்டிய தேவையும் அவர் காலத்தில் இருந்திராது. இலங்கையின் பெருந்தோட்டங்களிலோ, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக, இவ்வைந்தாமவர் நோயாளியின் கட்டிலருகே நிற்கின்றார். மருந்துச் சாலையைக் கட்டியவர் அவர். மருந்து கொடுப்பவருக்குச் சம்பளம் அளிப்பவர் அவர். நாட்கூலிக் கணக்கைத் தோட்டத்தார் 'பேர்' என்பர், நோயாளிக்கு அன்றைய பேரைப் போடுவதா விடுவதா என்று தீர்ப்பவரும் அவரே. இந்நிலையில், தொழிலாளி ஒருவரின் நோயைப் பற்றி வைத்தியர் எழுதும் அறிக்கை யாருக்கு உரியது, அதனை யார் படிக்கலாம், எந்த அளவுக்குப் படிக்கலாம் என்னும் வினா எழுகின்றது. சபரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களை முன்னிறுத்தி இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினா ஏட்டிற் பிறந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன், கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டமொன்றை அடுத்த பாடசாலையில் யான் ஆசிரியப்பணி புரிந்த காலத்தில், பால்வெட்டுத் தொழில் செய்யும் பெண்ணொருவர் நெடுநாள் நீங்காத இருமலுக்காக அரசினர் வைத்தியசாலைக்குச் சென்றார். காசநோய் என்று கண்டறிந்தனர். சில வாரங்கள் வேலைக்குச் செல்லலாகாது என்று ஆங்கிலத்தில் எழுதிய கடிதமொன்றை அவர் கையிற் கொடுத்தனர். நோயின் பெயரும் அதில் இருந்தது. உறை இல்லை. அவர் அதனைத் தோட்டக் கந்தோரிற் சேர்ப்பித்தார். அங்கு ஒருவர் படித்து மற்றொருவரிடம் நீட்டினார். அவர் வெளியில் நின்ற கங்காணிக்கு அதனைத் தமிழில் விளக்கினார். அன்று மாலை பீலியடியில் அவருக்கு முன் நின்ற பெண்கள் குடங்களை எடுத்துக்கொண்டு விலகினர். மறுநாள் பிள்ளைக் காம்பராவில் அவருடைய பேரப்பிள்ளைக்குத் தனிப்பாய் விரிக்கப்பட்டது. இளைய மகளுக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் அடுத்த மாதமே கலைந்தது.

அவர் என்னிடம் சொன்ன சொற்களை அப்படியே எழுதுகின்றேன்: "கடுதாசி என்னோடதுதானே, மாஸ்டர்? நான் அதைப் படிக்கல்ல. எனக்குப் படிக்கவும் தெரியாது. மத்த எல்லாரும் படிச்சிட்டாங்க."

தகுந்த மருந்தைத் தொடங்கிய சில வாரங்களில் காசநோய் பிறருக்குத் தொற்றும் தன்மையைப் பெரும்பாலும் இழந்துவிடுகின்றது. ஆறு மாத காலம் ஒழுங்காக மருந்துண்போர் பெரும்பாலும் முற்றாகக் குணமடைகின்றனர். அவரும் குணமடைந்தார். நோய் நீங்கியது, நோயின் பெயர் நீங்கவில்லை. இதில் எவரும் வேண்டுமென்றே தீங்கு செய்தார் என்று யான் கருதவில்லை. கடிதத்தைப் படித்தவர் எவருக்கும் அதனைப் படிப்பது தவறு என்ற எண்ணமே தோன்றவில்லை என்பதுதான் கவனிக்கத்தக்கது. இவ்வெண்ணம் தோன்றாமைக்கு ஒரு வரலாறு உண்டு.

கோப்பிப் பயிர் ஓங்கியிருந்த காலத்தில், 1872 ஆம் ஆண்டில், தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைக் குறித்த முதலாவது கட்டளைச் சட்டம் இந்நாட்டில் இயற்றப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தோர் வழியிலும் தோட்டத்திலும் மடிந்தமை அரசினரின் மனத்தை உறுத்தியதன் விளைவு அது. பின்னர் அதனைத் திருத்தியும் மாற்றியும் வேறு சட்டங்கள் வந்தன. அவற்றுள் 1912 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் சிறப்பாக நோக்கத்தக்கது. தோட்ட அத்தியட்சகருக்கு அச்சட்டம் பல கடமைகளை விதித்தது. லயங்களைச் சுத்தமாக வைத்திருத்தல், தோட்டத்தில் எவர் எவருக்கு நோய் என்பதைத் தாமே கேட்டறிதல், கடுநோய் கண்டால் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைத்தல், அவர் பணித்தால் நோயாளியை வைத்தியசாலைக்கு அனுப்புதல், பிறப்பையும் இறப்பையும் அறிவித்தல் என்பன அவற்றுட் சில. பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாத காலம் உணவும் உறைவிடமும் அளித்தல் வேண்டும். அவள் வேலை செய்யத் தகுதியடைந்தாள் என வைத்திய அதிகாரி முன்னதாக அறிவித்தாலன்றி அம்மாதத்தில் அவளை வேலைக்கு அழைத்தல் கூடாது எனவும் அது கூறிற்று.

இக்கடமைகளைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையன்று. அக்காலத்தில் ஏனைய தொழில்களிற் கூலி வேலை செய்தோர்க்கு இவ்வளவு பாதுகாப்பும் இருக்கவில்லை. ஆயினும் ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். தொழிலாளியின் நோயை அறிதல் துரையின் உரிமை என்று சட்டம் சொல்லவில்லை. அவருடைய கடமை என்றே சொன்னது. நோயாளிக்கு உதவி கிடைப்பதற்காகவே அவ்வறிவு வேண்டப்பட்டது. காலப்போக்கிற் கடமை தளர்ந்தது; அறியும் வழக்கம் மட்டும் உரிமைபோல் நிலைத்தது. இன்றைய குழப்பத்தின் வேர் இதுவென்பது என் கருத்து.

இவ்வழக்கத்துக்குத் துணைநின்ற மற்றொன்று மண்டபம் முகாம். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கப்பட்டோர் தலைமன்னாருக்குக் கப்பலேறுமுன் இராமநாதபுரக் கரையிலுள்ள அம்முகாமிற் சில நாட்கள் தடுத்துவைக்கப்பட்டனர். வைசூரிக்கு அம்மை குத்தினர். வாந்திபேதிக் குறி உண்டா என நோக்கினர். பிற்காலத்திற் கொக்கிப்புழுவுக்கும் மருந்தூட்டினர். தகுதியற்றோர் எனக் கண்டோரைத் திருப்பி அனுப்பினர். தகுதியானோர் கழுத்தில், போகும் மாவட்டத்தையும் தோட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த தகரத்துண்டு தொங்கிற்று. திறமையற்ற தொழிலாளர் வெளிச்செல்வதை இந்திய அரசு 1939 இல் தடுக்கும்வரை இவ்வழியே ஆட்கள் வந்தனர். அங்கு நிகழ்ந்த உடற்சோதனை நோயாளியின் நன்மைக்காக மட்டும் நிகழ்ந்ததன்று. சரக்கு ஏற்றுமுன் அதன் தரம் பார்ப்பதைப்போன்ற ஒரு சோதனையும் அதனுட் கலந்திருந்தது. சோதனையின் முடிவு சோதிக்கப்பட்டவருக்குச் சொல்லப்பட வேண்டும் என்பது அங்கே பெரிதாகக் கருதப்படவில்லை.

'துண்டு' என்ற சொல்லையும் இவ்விடத்திற் சிறிது நோக்கலாம். ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல விரும்பும் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்த்தால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் துண்டு என்பது பெயர். தொழிலாளி எவ்வளவு பெறுமதி என்பதை அவர் படிக்க இயலாத எழுத்திற் கூறிய தாள் அது. 1921 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை ஒழித்தது. ஆயினும் வைத்தியர் கொடுக்கும் சான்றிதழைத் தோட்டத்து மக்கள் இன்றும் துண்டு என்றே சொல்லக் கேட்கின்றோம். 'டாக்டரய்யாகிட்ட துண்டு வாங்கியாந்தேன்' என்பர். சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடைய மாணவர் இதனைத் தனியே ஆராயலாம். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று யான் சாதிக்க வரவில்லை. ஆயினும் இரண்டுக்கும் ஒற்றுமை உண்டு. இரண்டும் தொழிலாளியின் கையில் இருப்பவை; இரண்டும் தொழிலாளிக்காக எழுதப்படாதவை.

இனி, இக்கால நிலைக்கு வருவோம். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தாலும் 1975 ஆம் ஆண்டின் திருத்தத்தாலும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 முதல் அவற்றிற் பெரும்பாலானவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை 1990களின் பிற்பகுதி தொடக்கம் அரசு பொறுப்பேற்றது. ஏனையவற்றில் தோட்ட வைத்திய உதவியாளரே இன்றும் முதலில் நாடப்படுபவர். மக்கள் அவரை வாய் நிறைய 'டாக்டரய்யா' என்று அழைத்தாலும் அவர் முழுத் தகைமை பெற்ற வைத்தியர் அல்லர். நிர்வாகத்தின் சம்பளப் பட்டியலில் உள்ள ஓர் உத்தியோகத்தர். நோயாளி அவரிடம் இரகசியத்தை எதிர்பார்க்கின்றார். நிர்வாகம் அவரிடம் தகவலை எதிர்பார்க்கின்றது. 'அவளுக்கு மெய்யாகவே வருத்தமா, அல்லது சும்மா நிற்கின்றாளா?' என்று காலையிற் பிரட்டுக்களத்திலிருந்து கேள்வி வந்தால் அவர் என் செய்வார்? அவரைக் குற்றம் கூறுவது எளிது. இரண்டு எசமானருக்கு ஒருவரைப் பணிசெய்ய வைத்த ஏற்பாட்டைக் குறைகூறுவதே முறை.

சபரகமுவ தோட்டங்களுக்கு மற்றுமொரு தனித்தன்மை உண்டு. நுவரெலியாவைப் போன்று தோட்டத்தை அடுத்துத் தோட்டம் என்று அவை தொடர்ந்து கிடப்பனவல்ல. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, யட்டியாந்தோட்டை முதலிய இடங்களிற் சிங்களக் கிராமங்களுக்கிடையே தேயிலையும் இறப்பரும் சிதறிக் கிடக்கின்றன. தமிழ் மக்கள் தொகையிற் சிறுபான்மையினர். நகர வைத்தியசாலையில் நோயாளியின் குறிப்பு ஆங்கிலத்தில் அமையும். வாய்மொழி சிங்களத்தில் நிகழும். 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. ஆயினும் வார்டில் தமிழறிந்தவர் எப்போதும் கிடைப்பதில்லை. ஆகவே நோயாளி ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்கின்றார். அவர் அண்டை வீட்டாராகலாம். சிங்களம் படித்த பன்னிரண்டு வயது மகனாகலாம். கருப்பை நோயைத் தாய் தன் மகனின் வாய்வழியே வைத்தியருக்குச் சொல்லும் காட்சியைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். இங்கு இரகசியம் கசிவது தீய எண்ணத்தாலன்று, மொழியின் இடைவெளியால். தரவுப் பாதுகாப்புப் பற்றி எத்தனை சட்டம் இயற்றினாலும், ஒரு மொழிபெயர்ப்பாளரை நியமிக்காதவரை இவ்வோட்டை அடைபடாது.

சட்டம் இவ்விடயத்தில் என்ன சொல்கின்றது? நோயாளியின் இரகசியத்தைக் காப்பதற்கென்றே எழுந்த தனிச்சட்டம் இலங்கையில் இல்லை. பல இடங்களிற் சிதறிக் கிடப்பவற்றைத் தொகுத்தே நோக்கவேண்டியுள்ளது.

மூத்தது மருத்துவ அறம். கிரேக்கரின் இப்போகிறாத்தசு உறுதிமொழியை யாவரும் அறிவர். நம் நாட்டு ஆயுள்வேத மரபில் சரக சங்கிதையின் விமானத்தானத்தில், மாணவனுக்கு ஆசிரியன் விதிக்கும் நெறிகளுள், நோயாளியின் இல்லத்திற் கண்டதையும் கேட்டதையும் வெளியில் உரைத்தல் ஆகாது என்பதும் ஒன்று. இலங்கை மருத்துவச் சபையும் தன் பதிவிலுள்ள வைத்தியர்க்கு இரகசியம் பேணுதலை ஒழுக்கக் கடமையாக விதிக்கின்றது. ஆயினும் நீதிமன்றத்தில் நிலை வேறு. 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் சட்டத்தரணியிடம் கட்சிக்காரர் கூறியதைக் காக்கின்றது. வைத்தியரிடம் நோயாளி கூறியதற்கு அத்தகைய காப்பு அளிக்கவில்லை. நீதிபதி வினவினால் வைத்தியர் விடை கூறியே ஆகவேண்டும். தோட்டத் துரை வினவினால் விடை கூறவேண்டும் என்று எச்சட்டமும் சொல்லவில்லை.

அடுத்து, நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டம். ஒருவரின் மதிப்பைக் குலைத்தலும் தனிமையைக் குலைத்தலும் அதன்படி நட்டஈட்டுக்குரிய தீங்குகள். இதே சட்டத்தைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில் 1993 இல் தீர்க்கப்பட்ட வழக்கொன்று நமக்குப் பெரிதும் பயன்படுவது. ஆயுள் காப்புறுதிக்காக இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தது. இரகசியம் காப்பதாக வைத்தியர் அவருக்கு வாக்களித்தார். மறுநாளே கோல்ப் ஆட்டத்தின்போது உடன் ஆடிய வேறொரு வைத்தியரிடமும் பல் வைத்தியரிடமும் அச்செய்தியைச் சொல்லிவிட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கையில் நோயாளி இறந்தார். மேன்முறையீட்டு மன்றம் அவருடைய மரணச்சொத்துக்கு 5,000 ராண்ட் நட்டஈடு விதித்தது. தொகை சிறிது. ஆனால் சக வைத்தியர் என்பதனால் மட்டும் ஒருவர் பிறரின் நோயை அறிய உரித்துடையவர் ஆகமாட்டார் என்னும் கொள்கை பெரிது. சக வைத்தியருக்கே அவ்வுரித்து இல்லையெனிற் கந்தோர் எழுதுவினைஞருக்கு எங்ஙனம் உண்டாகும்? துரைமார் கழகங்களின் மாலைப் பேச்சுக்களை நினைக்குமிடத்து, கோல்ப் திடல் நமக்கு அத்துணை அந்நியமான களமுமன்று.

எழுதப்பட்ட சட்டங்களுள், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் அரச அலுவலகங்களின் ஏடுகளை மக்களுக்குத் திறந்துவிட்டது. அங்ஙனம் திறந்தபோதும், ஒருவரின் வைத்தியப் பதிவேடுகளை அவர் எழுத்திற் சம்மதித்தாலன்றிப் பிறருக்கு வெளியிட மறுக்கலாம் என்று அதன் 5 ஆம் பிரிவு வரம்பிட்டது. அரசினர் வைத்தியசாலை ஏட்டைத் தோட்ட நிர்வாகம் கேட்டுப் பெறுவதற்கு இச்சட்டம் வழியாகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனியார் கம்பனிகளையும் கட்டுப்படுத்த வந்தது. உடல்நலம் பற்றிய செய்தியைச் சிறப்புவகைத் தரவாக அது பிரித்து, அதற்குக் கூடிய காவல் விதிக்கின்றது; தன்னைப் பற்றிய தரவைத் தானே பார்க்கும் உரிமையையும் அளிக்கின்றது. இதன் முதன்மைப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டுப் பின்னர் அத்திகதி தள்ளிவைக்கப்பட்டது. சட்டம் உண்டு என்பதும் சட்டம் நடக்கின்றது என்பதும் இரண்டு செய்திகள் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

தொழிலாளி தம் உடலைக் காட்டியே தீரவேண்டிய இடங்களும் உள. விபத்து நேர்ந்து, 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி ஈடு கோருபவர், தொழில்வழங்குநர் கட்டணமின்றி வைத்தியரைக் கொண்டு சோதிக்க முன்வந்தால், அச்சோதனைக்கு உடன்படல் வேண்டும். மறுத்தால் ஈடு நிறுத்திவைக்கப்படும். 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி, நிரந்தரமாக வேலை செய்ய இயலாதவர் என்று கூறி முன்னதாகவே பணத்தை மீளப்பெற விரும்புபவரும் வைத்தியச் சான்று காட்டுதல் வேண்டும். 1939 ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம் தரும் விடுமுறை 2018 இன் திருத்தத்தால் எல்லாப் பிள்ளைப்பேறுகளுக்கும் 84 நாட்களாக விரிந்தது. அதனைப் பெறும் பெண் தன் நிலையை அறிவித்தே பெறுகின்றாள். இவை நியாயமான இடங்களே. ஈடு கேட்பவன் காயத்தைக் காட்டாதிருத்தல் எங்ஙனம்? ஆனால் கால் முறிவுக்கு ஈடு கேட்டவரின் காலைப் பற்றிய அறிக்கை போதும். அவருடைய பழைய நோய்கள் அனைத்தையும் அதனோடு சேர்த்து எழுதுதல் வேண்டியதில்லை.

இவ்வரம்பை மிகத் தெளிவாக வகுத்துத் தந்தது சர்வதேசத் தொழிலாளர் தாபனம். தொழிற்சுகாதார சேவைகள் பற்றி 1985 இல் அத்தாபனம் வெளியிட்ட 171 ஆம் இலக்கப் பரிந்துரை, தொழிலுக்குத் தகுதி பார்க்கும் சோதனையின் முடிவை வைத்தியர் தொழிலாளிக்கும் தொழில்வழங்குநருக்கும் எழுத்தில் அறிவிக்கவேண்டும் என்கின்றது. அவ்வறிவிப்பில் வைத்தியச் செய்தி எதுவும் இருத்தலாகாது என்றும், இன்ன வேலைக்குத் தகுதி, இன்ன வேலையும் சூழலும் ஆகா என்று மட்டும் கூறலாம் என்றும் அது விளக்குகின்றது. தொழிலாளரின் தனித்தரவுகளைப் பற்றி 1997 இல் வெளியான நடைமுறைக் கோவையும் இதனையே வலியுறுத்துகின்றது. பரிந்துரை நாடுகளைக் கட்டும் சட்டமன்று. ஆயினும் அது காட்டும் பிரிவினை மிக எளியது. நோயின் பெயர் ஒன்று; தொழிலின் தகுதி மற்றொன்று. முன்னது நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையில் நிற்பது. பின்னது மட்டுமே நிர்வாகத்துக்கு வேண்டுவது.

யான் மேலே கூறிய பெண்ணின் கடிதத்தை இவ்வளவையால் அளந்து பார்க்கலாம். 'இன்ன திகதி தொடக்கம் இன்ன திகதி வரை வேலைக்குத் தகுதியில்லை. அதன் பின் ஒரு மாதம் மேட்டுநிலத்தில் வெட்டுக்கு அனுப்பவேண்டாம்' என்று இரண்டு வரி எழுதியிருந்தால், கந்தோருக்கு வேண்டியது எல்லாம் அதில் அடங்கியிருக்கும். செக்ரோலில் பேர் பதிபவருக்கு நுரையீரலைப் பற்றி அறிந்து ஆவது யாது?

நிர்வாகத்தின் பக்கத்தையும் கேட்டல் வேண்டும். பொய்த் துண்டு வாங்கி வந்து வேலைக்கு நில்லாதவர் உண்டு என்பர், உண்மைதான். இறப்பர்ப் பாலும் தேயிலைக் கொழுந்தும் நாளைக்குக் காத்திரா என்பர், அதுவும் உண்மை. ஆனால் நோயின் பெயரைக் கேட்டறிவதனாற் பொய்யை எங்ஙனம் கண்டுபிடிப்பது? பொய் எழுதத் துணிந்தவர் நோயின் பெயரையும் பொய்யாக எழுதுவார். சான்றில் ஐயம் எழுந்தால் அதனை எழுதிய வைத்தியரிடம் 'இது உம் கையெழுத்தா?' என்று கேட்பதே வழி; 'இவருக்கு என்ன நோய்?' என்று கேட்பது வழியன்று. பணமும் இதிற் கலந்திருந்தமையை மறைக்கலாகாது. 2013, 2016 ஆம் ஆண்டுகளின் கூட்டு ஒப்பந்தங்களில், வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு 75 வீதம் வந்தோர்க்கே வரவுக்கான ஊக்கப்படி கிடைத்தது. முன்னதில் அது நாளொன்றுக்கு 140 ரூபா. பின்னதில் 60 ரூபா. 2019 இன் ஒப்பந்தம் அப்படியை நீக்கிற்று. அவ்வாண்டுகளில், நோயால் நின்ற நாட்கள் மெய்யான நோயால் நின்றவையே என்று காட்டத் தொழிலாளர் தாமே நோயின் பெயரைக் கூவி அறிவிக்கும் நிலையும் இருந்தது. இரகசியத்தை விலைக்கு விற்பவரை நோவதா, அவ்விலையைக் குறித்தவரை நோவதா?

தொற்றுநோய் என்னும் மறுப்பு இதனினும் வலியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறைகள் முதுகோடு முதுகு ஒட்டிய லயத்தில் ஒருவரின் நோய் பலரின் நோயாகும். 1934, 1935 ஆம் ஆண்டுகளில் மலேரியா பேரழிவு செய்த பகுதிகளுட் கேகாலை மாவட்டம் முதன்மையானது. நோயை மறைத்தலின் தீங்கை அம்மாவட்டத்தாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இன்றும் எலிக்காய்ச்சல் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் ஆண்டுதோறும் உயிர் கொள்கின்றது. ஆயின் சட்டம் இதற்கு வேறொரு வாயிலைத் திறந்திருக்கின்றது. 1897 ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, அறிவிக்கப்படவேண்டிய நோய் என வகுத்தவற்றை வைத்தியர் சுகாதார அதிகாரிக்கு அறிவிக்கின்றார். அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அனுப்பி வீட்டாரையும் அயலாரையும் சோதிக்கின்றார். நோய் பரவாது தடுக்கும் அறிவும் அதிகாரமும் அவரிடமே உள. கந்தோர் மேசைக்கு அவ்வறிவும் இல்லை, அவ்வதிகாரமும் இல்லை. காசநோய் மருந்தை நாள்தோறும் கண்முன் விழுங்கச் செய்யும் முறையில் தோட்ட மருந்துச் சாலை பங்கேற்குமானால், மருந்து கொடுப்பவர் நோயை அறிதல் இன்றியமையாதது. வள்ளுவர் சொன்ன நான்காமவர் அவர். ஐந்தாமவருக்கு அதனால் உரிமை பிறப்பதில்லை.

தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரத்தருகே நிற்பவருக்கு வலிப்பு நோய் இருப்பின் என்செய்வது என்று ஒரு நண்பர் கேட்டார். இயந்திர வேலைக்கு ஆகார் என்று எழுதினாற் போதும் என்பதே விடை. அவரை மட்டுமன்றி அருகில் நிற்போரையும் அவ்வொருவரி காத்துவிடும்.

நோயின் பெயரே ஒருவரின் பிழைப்பைப் பறிக்கும் என்பதற்குப் பம்பாய் உயர் நீதிமன்றம் 1997 இல் தீர்த்த வழக்கு நல்ல சான்று. அரசுசார் நிறுவனமொன்றில் தற்காலிகத் தொழிலாளியாக இருந்தவரை நிரந்தரமாக்குமுன் வைத்தியச் சோதனைக்கு அனுப்பினர். உடல் வேலைக்குத் தகுதியானது; இரத்தத்தில் மட்டும் எச்.ஐ.வி. தொற்று. அதனைக் காரணம் காட்டி வேலை மறுக்கப்பட்டது. அவர் தம் பெயரை மறைத்தே வழக்காட நீதிமன்றம் இசைந்தது. வேலையைச் செய்யும் வலிமை உடையவராய், பிறருக்கு ஆபத்து விளைக்காதவராய் இருக்கும்போது, தொற்று ஒன்றையே காட்டி ஒருவரை விலக்குதல் அரசியலமைப்புக்கு மாறானது என்று தீர்ப்புக் கூறினர். பெயரும் தகுதியும் வேறு என்பதை இதனினும் தெளிவாக உரைத்தல் அரிது. தோட்டத் தொழிலாளிக்கோ பெயரை மறைத்து வழக்காடும் வாய்ப்பு இருக்கட்டும், லயத்தில் அழுகையை மறைக்கவும் சுவர் இல்லை.

தொழிற்சங்கங்கள் இதனைப் பெரிதாக எடுத்ததில்லை. சம்பளமே நிறைவேறாத கோரிக்கையாக நிற்கும்போது உறையைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்? எனினும் இஃது ஒரு சதமும் செலவில்லாத கோரிக்கை என்பதைச் சங்கத்தாருக்கு நினைவூட்டலாம். சான்றிதழிற் காலமும் தகுதியும் மட்டும் இருத்தல். மூடிய உறையிற் கொடுத்தல். தோட்ட மருந்துச் சாலை ஏட்டைக் கந்தோர் ஏட்டிலிருந்து பிரித்துப் பூட்டி வைத்தல். தொழிலாளி கேட்டால் அறிக்கையின் பிரதியைக் கொடுத்து, அதனைத் தமிழில் விளக்கிச் சொல்லுதல். கூட்டு ஒப்பந்தத்தில் நான்கு வரிக்குள் இவற்றை அடக்கிவிடலாம்.

இக்கல்லூரியிற் பயின்று வைத்தியராய் இரத்தினபுரியிலும் கேகாலையிலும் கடமை பார்ப்போர் சிலர் இதழைப் படிப்பர். அவர்களுக்குச் சட்டமும் ஒப்பந்தமும் வரும்வரை காத்திருக்க வேண்டிய தேவை இல்லை. சான்றிதழை எழுதுமுன், 'இதில் நோயின் பெயரை எழுதட்டுமா, விடட்டுமா?' என்று நோயாளியிடம் தமிழில் ஒரு வினா வினவலாம். அவ்வினாவை இதுவரை எவரும் அவரிடம் வினவியிருக்கமாட்டார்கள்.

முற்கூறிய பெண் இரண்டாண்டுகளின் பின், முழங்கால் நோவுக்காக மீண்டும் அதே நகர வைத்தியசாலைக்குச் சென்றார். இம்முறை வார்டில் தமிழறிந்த இளம் வைத்தியர் ஒருவர் இருந்தாராம். திரும்பி வரும் வழியிற் பாடசாலைக்கு வந்து என்னிடம் கடிதத்தை நீட்டினார். உறை ஒட்டியிருந்தது. பிரித்துப் படித்துச் சொல்லவா என்று கேட்டேன். "வேணாங்க மாஸ்டர், என்னா எழுதியிருக்குன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்று அதனை முந்தானையில் முடிந்துகொண்டு கந்தோருக்கு நடந்தார்.